ஐம்பதாவது வரி

மைக் என் தலைக்கு மேல் நின்றது. தலைமையாசிரியை வந்து அதை என் வாய்க்கு நேராக இறக்கிவிட்டு, "பாடுங்கம்மா, புள்ளைங்க எல்லாம் ஆசையா நிக்கிறாங்க" என்றார்.

எதிரே அறுபது பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். தஞ்சோங் காராங் பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. திங்கட்கிழமை காலைச் சபைகூடல். தேசிய கீதம் அப்போதுதான் முடிந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வயலில் மருந்து தெளித்திருந்தார்கள், அந்த வாடை மூக்கில் ஏறியது.

நான் பட்டுப்புடவையில், முழு மேக்கப்பில் நின்றேன். அந்த வருடம் நம் கல்யாண மண்டபங்களில் எல்லாம் ஒலித்த ஒரு பாட்டை, என் பெயரில் வந்த பாட்டை, பின்னணி இசை இல்லாமல் பாடப் போகிறேன். நன்றாகப் பாடுவதற்காக நான் வரவில்லை. மோசமாகப் பாட வேண்டும் என்றே வந்திருந்தேன். அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டிய அவசியம் இல்லாதது ஒன்றுதான் எனக்கு இருந்த வசதி.

மூன்றாம் ஆண்டு வரிசையில் நாலாவதாக இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தர்ஷினி, என் தோழி செல்வியின் மகள்.

போன வாரம் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "அழகியாக வந்தீர்கள், நடிகை ஆனீர்கள், பாடகி ஆனீர்கள். ஏன் பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டீர்கள்?" அம்மா, அதற்கான பதில் அந்தப் பள்ளித் திடலில் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

தனியாக ஆடிய கோலாட்டம்

என் பெயர் லெட்சுமி. லக்ஷிகா என்பது அழகிப் போட்டியின் ஏற்பாட்டாளர் வைத்த பெயர். "லெட்சுமின்னா பால் பாக்கெட் மாரி இருக்கும்மா" என்றார். எந்தப் பால் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கோலசிலாங்கூரைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். போட்டிக்குக் குதிகால் செருப்பில் நடந்து பழக வேண்டும் என்றார்கள். எங்கள் தோட்டத்துச் சாலை செம்மண். குதிகால் அதில் ஆணி அடித்தது போல இறங்கிவிடும். எனவே பெரிய கால்வாய்க்குக் குறுக்கே போட்டிருந்த பலகையில் நடந்து பழகினேன். இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் செல்விதான் இழுத்துப் போட்டாள். இழுப்பதற்கு முன் வயிறு குலுங்கச் சிரித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திறமைச் சுற்று என்று ஒன்று வைத்தார்கள். எனக்குத் தெரிந்தது பள்ளியில் கற்ற கோலாட்டம் மட்டும். அதற்கு எட்டுப் பேராவது வேண்டும். நான் தனியாக ஆடினேன். எதிரே கோல் நீட்ட ஆள் இல்லாததால் காற்றை அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு நடுவர் அதை நவீன நடனம் என்று எழுதி முழு மதிப்பெண் போட்டாராம்.

கேள்விச் சுற்றில், "இந்த உலகத்தில் எதை மாற்ற விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் வந்த நான்கு பேரும் போரை நிறுத்தினார்கள். நான், "எங்க தோட்டத்துல தண்ணி வர்ற நேரத்த மாத்தணும். எல்லாரும் வேலைக்குப் போன பெறகுதான் வருது" என்றேன். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. அத்தனை பேரும் நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் கிரீடம் கிடைத்தது. தண்ணீர் அதே நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

நான் உண்மையைச் சொன்னால் மக்கள் அதை வேறு எதுவாகவோ எடுத்துக்கொள்வார்கள் என்று அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கிரீடம் தலையில் இருக்கும்போது எதுவும் உள்ளே இறங்காது.

அழகா நில்லுங்க, போதும்

கிரீடத்தோடு ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடிக்கும் வாய்ப்பும் வந்தது. தோட்டத்துப் பெண் வேடம். நமக்கென்று வைத்த வேடம் என்று பூரித்துப் போனேன்.

தோட்டத்தைக் காட்டுவதற்காக என்னைத் தோட்டத்திலிருந்து உலு யாமுக்கு அழைத்துப் போனார்கள். அங்கேதான் பசுமை நன்றாக இருக்கிறதாம். முதல் வசனத்தைப் பேசினேன். இயக்குநர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார்.

"இது என்னா தமிழு?"

"எங்க தோட்டத்துல இப்படித்தாங்க பேசுவோம்."

"நேச்சரலா இல்லலா. நீங்க அழகா நில்லுங்க, போதும்."

நான் நின்றேன். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி தோட்டத்துத் தமிழைப் பயிற்சி எடுத்துப் பேசி என் வாயில் பொருத்தினார். அதைப் பார்த்த எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "டவுனுக்குப் போயி ஒம் பேச்சே மாறிடுச்சே" என்று வருத்தப்பட்டார்.

நடிப்பும் அப்படித்தான். அழ வேண்டிய காட்சியில் எனக்குக் கண்ணீர் வராது. கண்ணில் மருந்து விட்டால் நிற்காது. சிரிக்கும் காட்சியை எடுக்க ஆரம்பித்த பிறகும் அழுதுகொண்டிருப்பேன். ஆனாலும் தொடர் ஓடியது. முகம் ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

துணைக்கு வந்தவள்

இரண்டாம் தொடரில் எனக்குப் பாடகி வேடம். தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. அழகி, நடிகை, இப்போது பாடகியும் அவளே என்றால் விளம்பரம் தூக்கும். "பாட வருமா?" என்று கேட்டார். "வரும் சார்" என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கோவில் தேவார வகுப்பில் என்னைப் பின் வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். முன் வரிசையில் நின்று பாடியவள் செல்வி. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். ஒலிப்பதிவுக்குத் தனியாகப் போகப் பயந்து அவளைத் துணைக்குக் கூப்பிட்டேன். விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள்.

பல்லவியின் முதல் இரண்டு வரிகளை எப்படியோ உருட்டிவிட்டேன். சரணத்தில் "வானமே" என்று மேலே ஏறும் ஓர் இடம் இருந்தது. ஏறினேன், சறுக்கினேன். மறுபடி ஏறினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, மைக்கைக் குறை சொன்னேன். மைக்கை மாற்றினார்கள். அறை குளிர் என்றேன். குளிரைக் குறைத்தார்கள். குறை சொல்ல அங்கே வேறு பொருள் இல்லாமல் போய்விட்டது.

ஒலிப்பதிவாளர் களைத்துப்போய், "யாராச்சும் அந்த வரிய ஒரு தடவ பாடிக் காட்டுங்களேன், இவங்க கேட்டுப் பாடட்டும்" என்றார். யாராச்சும் என்று அங்கே இருந்தது செல்வி ஒருத்திதான். தொழிற்சாலை டீ-சட்டையோடு வந்து நின்று, கண்ணை மூடிப் பாடினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் குரல் வந்தது: "அக்கா, முழுப் பாட்டையும் பாடிருங்க."

வெளியே வந்த பாட்டில் முதல் இரண்டு வரி நான், அதுவும் இயந்திரம் பிடித்து நிமிர்த்திய நான். மீதி முழுவதும் செல்வி. பெயர் மட்டும் லக்ஷிகா. திரும்பி வரும் வழியில் அவள், "பரவால்லலா. ஒம் பேரு போட்டாதான் ஓடும்" என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் நான் தலையாட்டிவிட்டேன். "சேச்சே, அதெப்படி" என்று ஒரு வார்த்தை ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு அது வெட்கம்.

பனங்கற்கண்டு

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கல்யாணத்தில், பேருந்தில், கறிக்கடையில் எல்லாம் அதுதான். பேட்டிக்கு வந்தவர்கள் குரல் வளத்தின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். "பனங்கற்கண்டும் வெதுவெதுப்பான தண்ணியும்" என்றேன். அதைக் கேட்டு எத்தனை பேர் பனங்கற்கண்டு வாங்கினார்களோ, அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

மேடைகளில் நான் வாயசைத்தேன். சின்ன வயதில் பின் வரிசையில் கற்ற தேவார வகுப்பு வீண் போகவில்லை. பாடுவதற்கு முன் தவறாமல் ஒன்று சொல்வேன்: "எனக்கெல்லாம் என்னங்க பாடத் தெரியும்! எல்லாம் உங்க ஆசி." கூட்டம் உருகும். நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்பது எனக்கும் செல்விக்கும் மட்டும் தெரியும்.

உச்சக்கட்டமாக, சிறுவர் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். "சுருதி கொஞ்சம் வெலகுதுமா" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் மூக்கை உயர்த்திக்கொண்டு சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைவிட எவ்வளவோ நன்றாகப் பாடியது.

பள்ளிப்பையிலிருந்து வந்த நோட்டு

அந்த வருடத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். மாரியம்மன் கோவிலில் அன்று சாயங்காலம் எனக்குப் பாராட்டு. மத்தியானம் செல்வி வீட்டுக்குப் போனபோது அவள் கோவிலில் சமையலுக்குப் போயிருந்தாள். தர்ஷினி மட்டும் இருந்தாள். சாக்லேட் பெட்டியை நீட்டினேன். வாங்கவில்லை.

"அத்தை மேல என்னா கோவம்?"

அவள் பள்ளிப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து என் மடியில் விரித்தாள். பக்கம் முழுவதும் ஒரே வாசகம், எண் போட்டு எழுதியிருந்தது. "என் அம்மா அந்தப் பாட்டைப் பாடவில்லை. இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்." ஐம்பது தடவை. முப்பத்தொன்றாவது வரியில் பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது.

"அம்மாதான் பாடுனாங்கன்னு கிளாஸ்ல சொன்னேன். டீச்சர் போன்ல காட்டி யாரு பேரு இருக்குன்னு கேட்டாங்க. ஒங்க பேருதான் இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் சாரி சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்."

"அம்மா ஒன்னும் சொல்லலியா?"

"வந்து பாடிக் காட்டுனாங்க. டீச்சர், அப்படியே லக்ஷிகா மாரியே பாடுறீங்களேன்னாங்க."

அந்த ஆசிரியையைத் திட்டாதீர்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர்தானே இருந்தது. பொய் சொன்னவள் பட்டுப்புடவையில் இருந்தாள், மன்னிப்புக் கேட்டவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. மருந்து விடாமல் வந்த முதல் அழுகை அது.

இரண்டு பொன்னாடை

சாயங்காலம் மேடையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இன்னும் இரண்டு பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நடுவர் நாற்காலி வேறு. பாட வராதவளுக்கு அதில் எதுவும் மிஞ்சாது.

கோவில் தலைவர் பொன்னாடை போர்த்தினார். மைக்கை வாங்கிச் சொன்னேன்: "அந்தப் பாட்டப் பாடுனது நான் இல்லீங்க. நம்ம செல்வி. அந்தா, சமையல் கொட்டாயில இருக்காங்க."

கைதட்டல் காதைப் பிளந்தது.

"பாருங்க ஐயா இந்தத் தன்னடக்கத்த!" என்று தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "எவ்வளோ ஒசரத்துக்குப் போனாலும் கூடப் பொறந்த மாரி பழகுன தோழிய மறக்கல பாருங்க!"

"இல்லீங்க தலைவரே, நெசமாத்தான். எனக்குப் பாடவே வராது."

கைதட்டல் இன்னும் கூடியது. தன்னடக்கத்துக்காக இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள். நம் மேடைகளில் நல்லவர்கள் எல்லாரும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானே எத்தனை மேடைகளில் அதே வாக்கியத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்! பொய்யாகச் சொன்னபோது செல்லுபடியான வார்த்தை, மெய்யாகச் சொன்னபோதும் அதே கணக்கில் போய்ச் சேர்ந்தது.

இது சினிமாவாக இருந்தால் சமையல் கொட்டகையிலிருந்து செல்வியின் குரல் கிளம்பி வந்திருக்கும். அவள் பெரிய சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது எதுவும் கேட்கவே இல்லை.

"பாட்டு! பாட்டு!" என்று கூட்டம் கத்தியது. யாரோ டிராக்கைப் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயசைத்தேன். உண்மையைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். "வானமே" என்று அவள் அம்மாவின் குரல் மேலே ஏறியபோது, அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

எம் புள்ளைக்குப் போன மாரி

மறுநாள் காலை செல்வி கோவில் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நோட்டைப் பார்த்ததைச் சொன்னேன். மேடையில் சொன்னதையும் சொன்னேன்.

"மேடையில சொன்னா எவன் நம்புவான்?" என்றாள், நிமிராமல். "ஸ்கூலுக்கு வந்து பாடிக் காட்டு. டிராக் இல்லாம."

"மானம் போயிடும்டி."

"போவட்டும். எம் புள்ளைக்குப் போன மாரி."

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கடிந்து பேசிய ஒரே வாக்கியம் அது. சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு தேங்காய் நாரை எடுத்து அடுத்த சட்டியைத் தேய்த்தேன். நகச்சாயம் போனது.

மறுபடியும் அந்த மைக்

ஆகவே திங்கட்கிழமை. மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. பாடினேன்.

முதல் இரண்டு வரியில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வானமே" வந்தது. என் குரல் பாதி வழியில் துருப்பிடித்த கதவு மாதிரி கீச்சிட்டு நின்றது. முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

"தொண்ட கட்டியிருக்கு போல. சுடுதண்ணி கொண்டாங்க" என்று தலைமையாசிரியை பதறினார்.

"தொண்ட நல்லா இருக்குங்க டீச்சர். என் கொரலே இதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடினேன். இந்த முறை இன்னும் மோசம். மூன்றாவது முறை பாடியபோது அறுபது பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் மரியாதைக்காக எதையும் நம்புவார்கள். பிள்ளைகளிடம் அது நடக்காது. ஆறாம் ஆண்டு வரிசையிலிருந்து ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "டீச்சர், டிவியில வர்றது இவங்க கொரல் இல்ல!"

"ஆமாம்மா, இல்ல" என்றேன் மைக்கில். "அது தர்ஷினி அம்மா கொரல். தர்ஷினி சொன்னது உண்மை. பொய் சொன்னது நான்."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

மூன்றாம் ஆண்டு ஆசிரியை வரிசைக்கு நடுவே நடந்து போனார். இளம்பெண், முகம் சிவந்திருந்தது. தர்ஷினி முன் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "டீச்சர் தப்புப் பண்ணிட்டேன், சாரி தர்ஷினி" என்றார். எனக்கு அத்தனை நாள் வராத தைரியம் அவருக்கு ஒரு நிமிடத்தில் வந்தது.

அன்றைக்கே யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் சுற்றியது. நடுவர் நாற்காலி போனது, இரண்டு பாட்டும் போயின. ஆனால் அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டு ஓர் இயக்குநர், சண்டைக்கார அண்ணி வேடத்துக்குக் கூப்பிட்டார். "ஒங்க சொந்தக் கொரல்லயே பேசுங்க, தோட்டத்துத் தமிழ்லயே திட்டுங்க" என்றார். இன்றுவரை அதைத்தான் செய்து பிழைக்கிறேன். பாட்டின் கீழே பெயரை மாற்றக் கேட்டு நடையாய் நடந்தேன். கடைசியில் மாற்றினார்கள். "லக்ஷிகா குழுவினர்" என்று. செல்வி சிரித்தாள். தர்ஷினி சிரிக்கவில்லை.

சபைகூடல் முடிந்ததும் நடந்ததைச் சொல்லவில்லையே. தர்ஷினி என்னைச் சிற்றுண்டிச்சாலைக்கு இழுத்துப் போனாள். அதே நோட்டு, அடுத்த பக்கம். பென்சிலை என் கையில் கொடுத்தாள்.

"நீங்களும் எழுதுங்க அத்தை."

சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பட்டுப்புடவையில் எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று எண்ணினாள். முப்பதுக்கு மேல் கை கடுத்தது. கொஞ்சம் ஓய்வு கேட்டேன். தரவில்லை. நாற்பத்தொன்பது முடிந்தபோது மணி அடித்தது. அவள் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

இப்போது அவள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் எப்போதாவது, பேச்சுக்கு நடுவே, "அத்தை, அந்த ஒன்னு?" என்பாள். நோட்டிலேயே எழுதித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுத வேண்டுமாம்.

இந்த வார இதழை அவளுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எண்ணிக்கொள், தர்ஷினி.

50. அந்தப் பாட்டை நான் பாடவில்லை. தர்ஷினியின் அம்மா செல்வி பாடினார். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்.